கடல் பார்த்து வந்தவர்

அவர் குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டார்.

மோகனூர் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் கலக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைப் பார்த்தேன். வேலையாட்கள் குளிக்கும் அறையின் தகரக் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நாற்பதைத் தாண்டிய ஒருவர் இடுப்பில் துண்டோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"வாங்க தம்பி, புதுசுங்களா? நேராப் போனீங்கன்னா தீவன மில்லு. எடது கைப் பக்கம் முட்டை குடோனு. அதையுந் தாண்டினா எருக்குழி. பாக்க வேண்டிய எடம் அவ்வளவுதானுங்க" என்றார்.

பண்ணையில் எல்லோரும் அவரை டூரிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். முட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு அவர் மேஸ்திரி. அதற்கு முன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து, ராஜஸ்தான் முதல் ஒரிசா வரை போர்க்கிணறு போட்டவர். அதற்கும் இதற்கும் நடுவில் மெக்சிகோ வரைக்கும் போய், அமெரிக்காவுக்குள் நுழையாமல் திரும்பி வந்தவர். ஏஜெண்டு ஒருவன் மெக்சிகோ வழியாக அமெரிக்காவுக்குள் விட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் கெங்கவல்லிப் பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், கரும்பு வெட்டு, அம்மாபேட்டையில் கொஞ்ச காலம் தறி, சூரத்தில் சாயப்பட்டறை என்று ஓரிடத்தில் நிலைத்ததில்லை. போன ஊரிலெல்லாம் எனக்குத் தெரிந்தது வேலை செய்த இடமும் சோறு கிடைத்த இடமும்தான். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மனிதரை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அவருக்கு எதைச் சொன்னாலும் சுற்றிக் காட்டுகிற மாதிரிதான் வரும். முட்டை வண்டியில் நாமக்கல் போனால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வலது பக்கம் பாத்தீங்கன்னா நாமக்கல் மலை. முழுசும் ஒரே கல்லுங்க. மேல கோட்டை" என்று ஆரம்பிப்பார். டிரைவர் பிறந்ததே அந்த மலைக்கு அடியில். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார். முட்டை அடுக்கும் பெண்களில் வாய்த்துடுக்கான ஒரு அக்கா, "ஏனுங்க டூரிஸ்ட்டண்ணா, எருக்குழியைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார். இவர் அசராமல், "மூக்கைக் கேட்லயே குடுத்துட்டு வரோணுமுங்க. போகையில திருப்பித் தருவாங்க" என்பார்.

சாயங்காலம் கோழிகளுக்குக் கடைசித் தீவனம் வைத்தபின் காலிச் சாக்குகளின்மேல் உட்காருவோம். யாராவது, "மெக்சிகோவை எடுத்து விடுங்கண்ணா" என்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"ஒரு பக்கம் பாலைவனமுங்க. ஒரு பக்கம் கடலுங்க. நடுவால ஊரு. காலையில கடல் கரையிலயே நிக்கும். பொழுது ஏறினா நம்ம மோகனூர்ல இருந்து வாங்கலுக்குக் காவேரியைத் தாண்டற தூரம் உள்ள போயிரும். படகெல்லாம் சேத்துல ஒருக்களிச்சுப் படுத்துக் கெடக்கும். அப்பறம் கடல் வந்து ஒவ்வொண்ணா எழுப்பி நிறுத்தும்."

அடுத்து கள்ளி. பனைமர உயரத்துக்கு நிற்குமாம், கையை மேலே தூக்கின ஆள் மாதிரி. ஒரு கை முளைப்பதற்குள் ஒரு மனுசன் பிறந்து செத்துப்போவானாம். அடுத்து எரிமலை வெடித்த குழிகள். நிலாவுக்குப் போனவர்கள் முதலில் நடந்து பழகியது அந்தக் கரும்பாறையில்தான் என்பார். அப்புறம் கரையில் நிறுத்திவைத்திருக்கும் திமிங்கல எலும்பு. அதன் விலாவுக்குள் பந்தி போடலாம். கடைசியாக எல்லைச் சுவர். அது கடலுக்குள்ளேயே இறங்கிப் போகிறது. "அதையும் பாக்கறதுக்கு வாராங்க. ஆளுக்கொரு படம் புடிச்சுக்கிட்டுப் போறாங்க" என்பார்.

தேங்காய்க் கதையை யாராவது தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தேங்காய் பார்க்காமல் போர் போடுவதில்லை. உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார்கள். அடியில் நீரோட்டம் இருந்தால் அது தானாக எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. ரிக்கில் இருந்தவரையில் அவரே பல இடத்தில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மெக்சிகோவில் ஒருநாள் ஏஜெண்டு ஆட்கள் அவரையும் இன்னும் சிலரையும் பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி மாட்டி, சுற்றுலாக்காரர்கள்போல வேனில் எல்லைப் பக்கம் கூட்டிப் போனார்களாம். வழியில் சுற்றுலா வண்டிகள் நிற்கும் ஓர் இடத்தில் வண்டி நின்றது. சந்தேகம் வராமலிருக்க டிரைவர் ஆளுக்கொரு சாமான் வாங்கிக் கையில் கொடுத்திருந்தான். இவருக்கு வந்தது குரங்கு முகம் செதுக்கிய தேங்காய்.

"தேங்கா கையில இருக்குது. கண்ணு முன்னால காஞ்ச பள்ளம் கெடக்குது. சும்மா இருக்க முடியுங்களா? வெச்சுப் பாத்தேன். குரங்கு எந்திரிச்சு நின்னுருச்சுங்க. அப்பறம் நான் எங்க நகர? பின்னால தோள்ல ஒரு கை விழுது. திரும்பினா சீருடை."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "ஒரு தேங்காய்க்கு அமெரிக்காவையே உட்டுட்டு வந்த மனுசன்" என்பார் அந்த அக்கா. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்காமல் கேட்ட ஆள் ஒருவன் உண்டு. அவர் மனைவியின் தம்பி. பரமத்தியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், இருபத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வந்து சாக்கின் ஓரமாக உட்காருவான். கதை முடிந்ததும் கேள்விகள் கேட்பான். எந்த ஊரில் விமானம் மாறியது, லாட்ஜில் சாப்பாடு யார் கொடுத்தது, எத்தனை பேர் ஓர் அறையில். அவர் பாதிக்குப் பதில் சொல்வார். மீதிக்குக் கள்ளியைப் பற்றியோ கடலைப் பற்றியோ சொல்வார்.

"மாமா, நீங்க மட்டும் அந்தத் தேங்காயத் தொடாம இருந்திருந்தா இந்நேரம் டாலர்ல இருப்பீங்க. நான் தொட மாட்டனுங்க" என்றான் ஒருநாள்.

அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அதே ஏஜெண்டு அவனிடமும் பேசிவிட்டான். அவன் அப்பா, அதாவது இவர் மாமனார், அந்தப் பணத்துக்காக வாய்க்கால் மேட்டு நிலத்தை விற்றுவிடத் தயாராக இருந்தார். வீட்டில் யாருக்கும் பயமில்லை. மாப்பிள்ளை போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்திருக்கிறாரே, அவர் புத்திக் கோளாறால்தான் காரியம் கெட்டது, பையன் கெட்டிக்காரன், போய்ச் சேர்ந்துவிடுவான் என்றுதான் பேச்சு. பையன் போவதா வேண்டாமா என்பது அவர் வாயில் இருந்தது. அந்த வாயிலிருந்து கடலும் கள்ளியுமே வந்துகொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில் பக்கத்து மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. முதலாளி பண்ணை கேட்டைப் பூட்டிவிட்டார். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, அடுத்த சொல் வரும்வரை எல்லோரும் குவார்ட்டர்ஸிலேயே இருக்க வேண்டும் என்றார். சோறு, சம்பளம் எல்லாம் உண்டு. எங்களுக்கு எரிச்சல்தான், வேறொன்றுமில்லை. நான் இதைவிடக் குறுகலான இடத்தில் இதைவிட அதிக நாள் இருந்திருக்கிறேன்.

அவருக்குத்தான் ஒத்துவரவில்லை. முதலில் கதை சொல்வது நின்றது. பிறகு சோறு குறைந்தது. வேலை இல்லாத நேரமெல்லாம் கம்பிவேலி ஓரமாகவே நடந்தார். படுக்கையைக் கொண்டுபோய்க் கேட்டருகே போட்டுக்கொண்டார். தூக்கத்திலும் ஒரு கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும். வாட்ச்மேன் கேலி செய்தார்: "நீங்க இருக்கறப்ப எனக்கு என்னத்துக்குங்க சம்பளம்?"

ஒரு மத்தியானம், மில்லில் கரண்டு போன நேரம், நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுக்கு எதையாவது கேட்க வேண்டுமென்று, "ஏண்ணா, அந்தக் கடல்ல எறங்கிக் குளிச்சீங்களா?" என்றேன். முன்பும் இதைக் கேட்டிருக்கிறேன். படகைப் பற்றிச் சொல்லி மழுப்பிவிடுவார். அன்று மழுப்பவில்லை.

"கால் கூட வெக்கல தம்பி" என்றார்.

லாட்ஜில் ஓர் அறை. வெளியே ஏஜெண்டு ஆட்கள் போட்ட பூட்டு. குளியலறையில் மேலே ஒரு ஓட்டை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் கடல் தெரியும். அவர் கடல் பார்த்தது அந்த வழியாகத்தான்.

"கள்ளி? திமிங்கலம்?"

"டிவிதான். லாட்ஜுக்காரனே போடற சேனலு. சுத்திப் பாக்க வாரவங்களுக்காக. அது ஒண்ணுதான் வரும். முடிஞ்சா மொதல்ல இருந்து ஓடும். பாஷை புரியாது. கீழ இங்கிலீசுல எழுத்து ஓடும், கூட இருந்த பஞ்சாப்காரப் பையன் படிச்சுச் சொன்னான். வேற என்ன பண்றது? மனப்பாடம் ஆயிருச்சு." கேட்டுக் கம்பியைப் பிடித்தபடியே, "அப்பப்ப போன் குடுப்பாங்க. ஊட்டுக்குப் பேசோணும். சிரிச்சுப் பேசோணும். எதுத்தாப்ல ஒருத்தன் நிப்பான். அங்க என்னங்க இருக்குதுன்னு இவ கேப்பா. டிவில ஓடறத அப்புடியே சொல்லுவேன்" என்றார்.

ஒருநாள் கத்தியிருக்கிறார். அவரை மட்டும் குளியலறைக்குள் தள்ளி வெளியே கொக்கியை மாட்டிவிட்டார்கள். அதற்குள் எவ்வளவு நேரம் இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

"தேங்கா?" என்றேன்.

"அது எந்திரிக்கவே இல்ல தம்பி. எந்த ஊருத் தேங்கா, அதுக்குள்ள தண்ணியே கெடையாது. வண்டிய உட்டு எறங்குனதும் நாலா பக்கமும் பாத்தேன். தூரத்துல ஒரு போலீசுக்காரன். ஓடுனா ஏஜெண்டு ஆளுக சுட்டுப்போடுவானுக. தேங்காய வெச்சுக்கிட்டு மெதுவா நடந்தா பைத்தியக்காரன்னு நெனப்பானுகளா இல்லியா? அப்புடியே அந்தச் சீருடைகிட்டப் போயி நின்னுட்டேன். அவங்கதான் ஊருக்கு ஏத்தி உட்டாங்க."

கேட்டுக்கு வெளியே ஒரு முட்டை வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை உங்க மச்சினங்கிட்ட சொல்லிடுங்கண்ணா. போறேன்னு நிக்கறானே" என்றேன்.

"ஒரு ரிக்குக்கே நாந்தான் பெரிய ஆளு. வடக்க போனா சேட்டுக எந்திரிச்சு சேர் போடுவானுக. என்னையப் போயி ஒருத்தன் கக்கூசுல போட்டுப் பூட்டுனான்னு பொண்டாட்டிகிட்ட எப்புடிச் சொல்ல? மாமனாருகிட்ட எப்புடிச் சொல்ல?" என்றார். பிறகு, "சொல்லாமயும் இல்ல. ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். தொறந்தா அந்த டிவிதான் வருது" என்றார்.

காய்ச்சல் அடங்கியதும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். அதற்குள் நிலம் கைமாறி, அவனுக்குப் போகிற நாளும் குறித்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள, ஒரு பெட்டி இனிப்போடு பண்ணைக்கு வந்தான். புதுச் சட்டை. பெண்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கிண்டல் செய்தார்கள். "போயி எங்களுக்கும் ஒரு குரங்கு வாங்கிட்டு வாங்க" என்றார் அந்த அக்கா.

இவர் தீவனக் குடோன் வாசலில் நின்றிருந்தார். "மாப்பிள்ளை, இங்க வா, கடல் காட்டறேன்" என்றார்.

அவனும் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். போனதும் இவர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டார். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றார். குரல் சாயங்காலக் கதைக் குரல்தான்.

"மேல ஒரு ஓட்டை தெரியுதா சாமி? மூட்டை மேல ஏறு. ஏறிட்டியா? என்ன தெரியுது?"

உள்ளேயிருந்து சிரிப்பு. "தென்ன மட்டை தெரியுதுங்க மாமா."

"அதான் கடலு. அப்பறம்?"

"வேறொண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு. கள்ளி தெரியுதா? திமிங்கலந் தெரியுதா?"

"அதெல்லாம் எங்கீங்க தெரியும்? கதவத் தொறங்க மாமா. தூசியா இருக்குது."

"எனக்கும் தெரியல சாமி. இதான் நான் பாத்த மெக்சிகோ. முழுசுமே இவ்வளவுதான்."

நாங்கள் முதலில் சிரித்தோம். அவன் கதவைத் தட்டினான். பிறகு உதைத்தான். அவர் திறக்கவில்லை. லாட்ஜ், பூட்டு, டிவி, கொக்கி, தேங்காய் என்று என்னிடம் சொன்னதையெல்லாம் கதவைப் பார்த்துச் சொன்னார். உள்ளே அவன் போட்ட சத்தத்தில் அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. முட்டைத் தட்டுகளோடு நின்ற பெண்களுக்கு விழுந்தது. பூட்டப்பட்டது அவன். மூச்சு வாங்கியது இவருக்கு.

யாரோ போய்ச் சொல்லி முதலாளி வந்தார். "என்னய்யா கூத்து இது? தொற" என்றார். இவர் சாவியைக் கொடுத்துவிட்டார். மக்காச்சோள மாவும் தவிட்டுத் தூசியுமாக இருமிக்கொண்டே அவன் வெளியே வந்தான். புதுச் சட்டை வெள்ளையாகியிருந்தது.

"கேட்டனுங்க மாமா, எல்லாங் கேட்டேன்" என்றான். "உங்களால முடியல. முடியாம ஓடி வந்துட்டீங்க. அதுக்கு வேற ஆரும் போகக் கூடாது, அப்புடித்தானுங்களே? இத்தனை நாளும் சிரிச்சுக்கிட்டே சொன்னது பொய்யா, இன்னிக்கிச் சொல்றது பொய்யா?"

இனிப்புப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். குறித்த நாளில் கிளம்பியும் போனான்.

அதற்குப் பிறகு யாரும் அவரிடம் மெக்சிகோவைக் கேட்கவில்லை. அவரும் முட்டை வண்டியில் மலையைக் காட்டவில்லை. வீட்டில் அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாராம். தம்பியை ஊர் முன்னால் மூட்டையாட்டம் அடைத்து வைத்தவர் என்பது அவர் கோபம். மாமனாரோ, மாப்பிள்ளைக்குப் பொறாமை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பண்ணையை விடப்போகிறேன் என்று சொன்னபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். மோகனூரைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீடு. முன்கதவு, பின்கதவு எல்லாம் திறந்தே கிடந்தன. ஆட்டுக்குட்டி ஒன்று வீட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனது. காலையிலேயே போய்விட்டேன். அவர் மனைவி, அந்த வீட்டு அக்கா, எனக்கு இட்லி வைத்தார். அவருக்கும் வைத்தார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நாங்கள் கை கழுவும்போது உள்ளே போன் அடித்தது. அக்கா ஓடினார். கொஞ்ச நேரத்தில் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சந்தோஷத்தில் கோபம் மறந்துபோய்விட்டது. "பாருங்க, எந்தம்பி கடலுக்குப் பக்கத்துல இருக்கறான். நீங்க என்னமோ சொன்னீங்க" என்று அவரிடமே நீட்டினார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அவன்தான். இளைத்திருந்தான். தலையில் ஓலைத் தொப்பி. அங்கே பொழுது சாயும் நேரம்போல. அவன் தோளுக்கு மேலே சதுரமாகக் கொஞ்சம் நீலம் தெரிந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவர்.

"சாப்புட்டியா மாப்பிள்ளை?" என்றார் அவர்.

"சாப்புட்டனுங்க மாமா. நல்லாக் கவனிச்சுக்கறாங்க."

"அன்னிக்கி நடந்ததை மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் இல்லீங்க மாமா." அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். வேறு மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவே இல்லை.

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எந்திரிச்சு வெளிய போ சாமி. கரையில நின்னு ஒருக்காக் காட்டு. அக்கா பாக்கட்டும்."

அவன் கண் போனைத் தாண்டி எதிரே எங்கோ ஒரு தடவை போய் வந்தது.

"இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க மாமா" என்றான்.

அவர் போனை விடவில்லை. அக்காதான் அவர் விரல்களை விலக்கி அதை வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, "அந்தக் கடலை இன்னொருக்காக் காட்டு சாமி" என்றார்.